பாலாறும் பச்சை விளக்கும்: எங்க ஊர் மோடங்களின் கதை

சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை என்று சொன்னால் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி சம்பளம். ரெண்டாவது, "வீட்டுக்கு நல்ல ரவுட்டரா ஒண்ணு சொல்லேன்பா". ஜாவா எழுதுறவனுக்கு ரவுட்டர் தெரியும்னு நினைக்கிறது, கதை எழுதுறவருக்கு அச்சு மெஷின் ரிப்பேர் பண்ணத் தெரியும்னு நினைக்கிற மாதிரி. சரி, கேட்டுட்டாங்க, சொல்லாம விட முடியுமா? அதுவும் நான் ஆம்பூர்க்காரன். எங்க பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு மாடல் நம்பரைச் சொல்லித் தப்பிக்க முடியாது. முப்பது வருஷக் கதையைச் சொல்லித்தான் ஆகணும்.

கொஞ்சம் நீளமான பதிவு மக்களே. டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க. (பிரியாணிதான் வேணும்னா ஊருக்கு வரணும். :-))

முதல்ல ஊரைப் பத்தி ரெண்டு வரி. பாலாற்றங்கரையை ஒட்டி வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளுகிற தோல் தொழில் பகுதி இது. ஒரு காலத்தில் எல்லாமே வட ஆற்காடு. அப்புறம் வேலூர் மாவட்டம். 2019 நவம்பரில் அதையும் மூணாப் பிரிச்சு, வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போச்சு, ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆச்சு. மாவட்டம் மாறினாலும் ஆறு ஒண்ணுதான். ஆற்றில் தண்ணி வர்றது எப்பவாவதுதான் என்பது வேற விஷயம்.

தோலுக்கு எதுக்கு மோடம்?

ஆவாரம்பட்டையில் பதப்படுத்தி அரைப்பதத் தோலாகக் கப்பலில் ஏற்றிவிட்ட காலத்தில், தந்தியும் கடிதமும் போதுமானதா இருந்தது. விலை என்ன, எத்தனை பேல், எந்தக் கப்பல், அவ்வளவுதான் பேச்சு. 1970களில் நிலைமை மாறிச்சு. சீதாராமையா கமிட்டியின் பரிந்துரைக்குப் பிறகு பச்சைத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது, அரைப்பதத் தோலுக்கு ஒதுக்கீடு வைத்தார்கள். முழுசா முடிச்ச தோலாகவும், அப்புறம் ஷூவாகவும்தான் காசு பார்க்க முடியும் என்றானது.

ஷூ என்று வந்துட்டா பேச வேண்டியது ஏராளம். இந்த பிரவுன் இல்ல அந்த பிரவுன், இந்த சீசனுக்கு ஹீல் அரை இஞ்ச் கம்மி, சைஸ் பட்டியல், சாம்பிள் ஒப்புதல். ஐரோப்பாவில் இருக்கிற வாங்குபவர் ராத்திரி ஒரு வார்த்தை மாத்திச் சொன்னா காலையில் கட்டிங் மேசைக்கு அது வந்து சேரணும். டெலக்ஸ், ஃபேக்ஸ், மின்னஞ்சல் என்று ஒவ்வொண்ணா வந்து உக்காந்ததுக்குக் காரணம் இதுதான். பெங்களூர், சென்னை ஐ.டி. பூங்காக்களுக்கு முன்னாடியே, வெளிநாட்டு வாங்குபவரோட கெடுவுக்கு ராத்திரி கண்விழிச்ச ஊர் எங்க ஊர். (கொஞ்சம் ஊர்ப்பெருமை, மன்னிச்சுடுங்க.)

கரகர சத்த காலம்

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம், அதாவது வி.எஸ்.என்.எல்., பொதுமக்களுக்கான இணையச் சேவையை ஆரம்பிச்சது. டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, நாலே நகரம். வேகம் 9.6 கிலோபிட். இன்னிக்கு வாட்சப்பில் வர்ற ஒரு காலை வணக்கப் படத்தை அந்த வேகத்தில் இறக்கினால் காலை முடிஞ்சு மத்தியானம் ஆகலாம். 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கும் கதவு திறந்தார்கள். சென்னையின் சத்யம் இன்ஃபோவே முதல் ஆளா உள்ளே வந்தது.

அந்தக் காலத்து மோடம், குரலுக்காகப் போட்ட ஒயரில் கம்ப்யூட்டரைப் பேச வெச்ச பெட்டி. தொலைபேசி ஒயர் கடத்துறது சுமார் 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும் தான். கம்ப்யூட்டரின் ஒண்ணு, சைபரை அந்தச் சின்ன இடைவெளிக்குள் சத்தமா மாத்தி அனுப்பணும், அங்கே திரும்ப ஒண்ணு, சைபரா பிரிக்கணும். இந்த மாற்றல், பிரித்தல் ரெண்டு வேலைக்குமான ஆங்கிலச் சொற்களின் முதல் பாதிகளை ஒட்டினதுதான் 'மோடம்' என்ற பெயர். அந்தக் கரகர சத்தம் ரெண்டு மோடமும் "உனக்கு எவ்வளவு வேகம் தாங்கும்?" என்று பேரம் பேசிக்கிறது. ஒயரில் இரைச்சல் அதிகம்னா பேரம் கீழே இறங்கும். ஆக, எந்தக் கம்பெனி மோடம்னு பார்க்கிறதுக்கு முன்னாடி எப்படிப்பட்ட ஒயர்னு பார்க்கணும். இது முதல் பாடம். முப்பது வருஷம் ஆகியும் மாறலை.

அகலப்பாட்டை வந்த கதை

2004 அக்டோபரில் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை வெளியிட்டது. 256 கிலோபிட்டுக்கு மேல் இருந்தா பிராட்பேண்ட் என்று இலக்கணம் வகுத்தாங்க. 2013-ல் அது 512 ஆச்சு, 2023-ல் 2 மெகாபிட். 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' வந்தது. யூடிஸ்டார்காம், ஹுவாவே பெட்டிகள் வீடுகளுக்கு வந்தன. தொலைபேசியும் இணையமும் ஒரே ஒயரில், நடுவில் குட்டியா ஒரு ஸ்ப்ளிட்டர். அந்தப் பெட்டியில் ஒரு விளக்கு இருக்கும். பச்சையா நின்னு எரிஞ்சா இணைப்பு இருக்கு. மினுக்கினா இல்லை. அந்தத் தலைமுறை ஆட்கள் சாமி விளக்கைப் பார்த்ததை விட அதை அதிகம் பார்த்திருப்பாங்க.

இந்த ஏ.டி.எஸ்.எல். தொழில்நுட்பம் அதே பழைய செம்பு ஒயரில் குரலுக்கு மேலே, சுமார் 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை போய் உக்காந்துக்கும். ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ்னா 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை. அதிர்வெண் கூடக் கூட ஒயர் அதைத் தின்னும். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு கிலோமீட்டர்னா ராஜா, நாலு கிலோமீட்டர்னா கூஜா. நடுவில் எங்காவது ஜாயிண்டில் மழைத்தண்ணி இறங்கினா குரல் கொஞ்சம் கரகரன்னு கேக்கும், இணையம் செத்தே போயிடும். மோடத்தின் உள்ளே 192.168.1.1 என்று போய்ப் பார்த்தா இரைச்சல் இடைவெளி எத்தனை டெசிபல் என்று இருக்கும். 6-க்குக் கீழேன்னா அறுந்துகிட்டே இருக்கும். 10-க்கு மேலேன்னா நிம்மதி. மோடத்தை மாத்தி மாத்திப் பார்த்துக் காசை விட்டவங்கள்ல பாதிப்பேர், இந்த ஒரு எண்ணைப் பார்த்திருந்தா லைன்மேனைக் கூப்பிட்டிருப்பாங்க.

கரன்ட்டு

ரெண்டாவது எதிரி மின்சாரம். 2008-லிருந்து 2014 வரைக்கும் தமிழ்நாட்டில் இருந்தவங்களுக்கு விளக்கவே வேண்டாம். 2012-ல் சென்னைக்கு வெளியே பகலும் ராத்திரியுமா மாறி மாறிப் பல மணி நேரம் கரன்ட் இருக்காது. கரன்ட் போறதை விட அது திரும்பி வர்ற விதம்தான் பெட்டிகளைக் கொன்னது. வரும்போது ஒரு துள்ளு துள்ளிக்கிட்டு வரும், அடாப்டர் போயிடும். இல்லைன்னா அரைகுறை வோல்டேஜில் மோடம் பாதி முழிச்சு அப்படியே தொங்கிடும்.

இதுக்கு நம்ம மாநிலத்திலேயே ஒரு நல்ல ஆய்வு இருக்கு. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்று வட்டாரக் கிராமங்களில் உள்ள பார்வை மையங்களையும், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி குழு ஒண்ணு தொலைதூர வைஃபை வழியா இணைச்சது. நோயாளி கிராமத்தில், டாக்டர் தேனியில், நடுவில் வீடியோ. சாதாரண வைஃபை அட்டையும் உயரமான கம்பத்தில் திசைபார்த்த ஆன்டெனாவும்தான் முதலீடு. அந்த வலைப்பின்னலைப் பல வருஷம் ஓட வெச்ச அனுபவத்தை 2008-ல் கட்டுரையா எழுதினாங்க. ரேடியோ சிக்னல்தான் பெரிய தொல்லையா இருக்கும்னு நினைச்சுப் போனவங்களுக்குப் பெரும்பாலான கோளாறுகள் மோசமான மின்சாரத்தால் வந்துச்சு. அடாப்டர் எரியறது, திடீர்னு அணைஞ்சு அணைஞ்சு ரவுட்டரின் நினைவக அட்டை கெட்டுப்போறது, இப்படி. கிராமத்தில் மின்சாரத்தின் உண்மையான விலை யூனிட் கட்டணத்தில் இல்லை, அதைச் சுத்தப்படுத்துற செலவில் இருக்கு என்பது அவங்க கண்டது. ரவுட்டருக்கு ரெண்டாயிரம் செலவு பண்ணிட்டு யூபிஎஸ்ஸுக்கு யோசிக்கிற எல்லாரும் படிக்க வேண்டிய பாடம்.

காத்துல வந்த இணையம், காத்தோட போன கம்பெனிகள்

ஒயரே வேண்டாம்னு கம்பியில்லாத வழிக்குப் போனவங்க கதை இன்னும் சுவாரசியம். அதிலும் நம்ம ஆட்கள் முன்னாடி இருந்தாங்க. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான டெனெட் குழு, மைடாஸ் நிறுவனத்தோட சேர்ந்து 1990களில் 'கார்டெக்ட்' என்று ஒரு முறையை உருவாக்கிச்சு. பார்வைக்கோட்டில் பத்து கிலோமீட்டர் வரை போகும். பேசிக்கிட்டே 35 கிலோபிட், பேசாம இருந்தா 70 கிலோபிட் இணையம். மேலூர் பக்கத்துக் கிராமங்களில் என்-லாக் நிறுவனம் இதை வெச்சுத்தான் 2001 முதல் இணைய மையங்களை நடத்திச்சு. காலம் முந்திக்கிச்சு, அந்த மையங்களில் பெரும்பாலானவை நிலைக்கலை.

அப்புறம் சி.டி.எம்.ஏ. 2002 டிசம்பரில் ரிலையன்ஸ், கூடவே டாடா இண்டிகாம். 144 கிலோபிட்டில் ஆரம்பிச்சு, 2008-09 வாக்கில் யூ.எஸ்.பி. டாங்கிளில் 3.1 மெகாபிட் வரை என்று விளம்பரம். 2009 பிப்ரவரியில் சென்னையில் பி.எஸ்.என்.எல். 3ஜி. 2010-ல் ஏலம், தமிழ்நாட்டுக்கான 3ஜி அலைவரிசையை ஏர்செல், ஏர்டெல், வோடஃபோன் எடுத்தாங்க. 2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்தது. 2ஜி, 3ஜி எதுவுமே கிடையாது, நேரா 4ஜி. அதோட ஆட்டமே மாறிப்போச்சு.

இப்ப இந்தப் பட்டியலைத் திரும்பப் பாருங்க. ரிலையன்ஸின் சி.டி.எம்.ஏ. 2016-ல் போச்சு, கம்பெனியே 2017 கடைசியில் மொபைல் குரல் சேவையை நிறுத்திச்சு. டாடா தன் மொபைல் தொழிலை ஏர்டெல்லிடம் கொடுத்துட்டு வெளியேறிச்சு. ஏர்செல் 1999-லிருந்து தமிழ்நாட்டில் செல்லப்பிள்ளை. 2018 பிப்ரவரியில் பல இடங்களில் சிக்னல் சட்டுனு காணாமப் போச்சு, அந்த மாசக் கடைசியிலேயே திவால் மனு. நம்பரை மாத்திக்க ஆயிரக்கணக்கான பேர் அலைஞ்சது ஞாபகம் இருக்கலாம். ஏர்டெல் 2020-க்குள் தன் 3ஜியை மூடிச்சு.

அந்த டாங்கிள்களில் பல இன்னிக்கும் எங்க வீட்டு டிராயரில் கிடக்கு. ஒண்ணும் கெட்டுப்போகலை. விளக்குகூட எரியும். பேச வேண்டிய டவர்தான் இல்லை. பெட்டிக்கு முன்னாடி நெட்வொர்க் செத்துப்போகும் என்பது மூணாவது பாடம். ஒரே கம்பெனிக்குப் பூட்டு போட்ட மோடத்தை மலிவா கிடைக்குதேன்னு வாங்கக்கூடாதுன்னு சொல்றதுக்குப் பின்னாடி இவ்வளவு பெரிய சுடுகாடு இருக்கு.

நடுவில் ஆறு

இதுவரைக்கும் சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். இனிமேல் வர்றதுதான் எங்க ஊர்க் கதை.

பாலாற்றங்கரையில் டேனரிக் கழிவுநீர் என்ன பண்ணிச்சு என்பது ஊரறிஞ்ச விஷயம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி குல்தீப் சிங் எழுதியது. தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போச்சு என்ற கணக்கு அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கு. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கணும், சந்தேகம் இருந்தாலே முன்னெச்சரிக்கை எடுக்கணும் என்ற ரெண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதின்னு சொன்ன தீர்ப்பு அது. உலகம் பூரா சுற்றுச்சூழல் சட்ட வகுப்புகளில் எங்க மாவட்டத்துப் பேர் வர்றது இதனாலதான். பெருமைப்படுறதா வேணாமான்னு தெரியலை.

அப்புறம் பொது சுத்திகரிப்பு நிலையங்கள், கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாத 'பூஜ்ய வெளியேற்ற' முறை எல்லாம் வந்தது. ஆனா சுத்திகரிச்சாங்களா இல்லையான்னு யார் பார்க்கிறது? அதிகாரி ஜீப்பில் வந்து பாட்டிலில் தண்ணி பிடிச்சுக்கிட்டுப் போவார். அவர் வந்த நாள் தண்ணி நல்ல தண்ணி. வராத நாள் தண்ணி யாருக்குத் தெரியும்?

2014 பிப்ரவரி 5 அன்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாநில வாரியங்களுக்கு ஒரு உத்தரவு போட்டது. அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களும் பொது சுத்திகரிப்பு நிலையங்களும் தானியங்கிக் கண்காணிப்புக் கருவிகளை வைக்கணும், அளவுகள் உடனுக்குடன் இணையம் வழியா வாரியத்துக்கு வரணும். அந்த 17-ல் டேனரியும் உண்டு. கார அமிலத்தன்மை, கரைந்துள்ள மாசு, மிதக்கும் துகள், குரோமியம், ஓட்ட அளவு என்று ஒரு பட்டியல். பூஜ்ய வெளியேற்றம் என்று சொல்றவங்க கேமராவும் ஓட்டமானியும் வைக்கணும். கெடு 2015 மார்ச், அப்புறம் ஜூன் வரை நீட்டினாங்க.

கெடு நெருங்கிக்கிட்டிருந்த அதே காலத்தில், 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைஞ்சது. பக்கத்து யூனிட்டில் தூங்கிக்கிட்டிருந்த தொழிலாளர்கள் மேல கசடு பாய்ஞ்சு 10 பேர் செத்துப்போனாங்க. தண்ணியின் அமிலத்தன்மையை அளக்கிற கருவி சுவரின் விரிசலை அளக்காது. எதுக்கு ஒயர் இழுத்திருக்கோமோ அதை மட்டும்தான் கருவி சொல்லும் என்பதை, இந்தக் கண்காணிப்பு விஷயத்தைப் பேசும்போதெல்லாம் ஞாபகம் வெச்சுக்கணும்.

ஆக 2015-க்கு அப்புறம் எங்க பகுதியில் மோடம் என்பது படம் பார்க்கிற சாதனம் மட்டும் இல்லை. ஆற்றுக்கும் கிண்டியில் இருக்கிற வாரியத்துக்கும் நடுவில் உக்காந்திருக்கிற சாட்சி. கருவி அளக்கும், அதிலிருந்து ஒயர் வழியா 'டேட்டா லாகர்' என்ற சின்னப் பெட்டிக்கு எண் போகும், அங்கிருந்து சிம் போட்ட மோடம் அதை சர்வருக்கு அனுப்பும். கடைசிக் கண்ணிதான் எல்லாத்திலும் மலிவு. அறுந்தாலோ மொத்தச் சங்கிலியும் ஊமை.

முட்டை நாத்தம்

எனக்குச் சித்தப்பா முறை ஆகிற ஒருத்தர் இப்படி ஒரு நிலையத்தில் கருவிகளைப் பார்த்துக்கிற வேலையில் இருக்கார். பேர், இடம் வேண்டாம். "தம்பி, தண்ணி பிரச்சினைக்கு நான் ராத்திரி எந்திரிச்சது கம்மிடா, இந்த டப்பாவுக்குத்தான் எந்திரிக்கிறேன்" என்பார். வாங்கி வெச்ச மோடம் ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கலைன்னு புலம்புவார். ஒரு தடவை செத்துப்போன ஒண்ணைக் கொண்டுவந்து கொடுத்தார். திறந்து பார்த்தா செம்பு தெரியுற இடமெல்லாம் கருகருன்னு இருக்கு. எரிஞ்ச கறுப்பு கிடையாது, மை தடவின மாதிரி.

காரணம் எளிமையான வேதியியல். தோலில் இருந்து முடி எடுக்கச் சுண்ணாம்போட சோடியம் சல்பைடு போடுவாங்க. அந்தத் தண்ணியின் காரத்தன்மை இறங்கினா ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அழுகின முட்டை நாத்தம். மூடின குழிக்குள்ள ஆளையே கொல்லக்கூடிய வாயு. ரொம்பக் கம்மியான அளவில் காத்தில் கலந்திருந்தாலும் செம்பையும் வெள்ளியையும் கறுப்பாக்கும். பாட்டியோட வெள்ளிக் கொலுசு கறுக்கிறது போலவே சர்க்கியூட் போர்டும் கறுக்கும். மோடத்தில் பாதைகள் ரொம்ப மெல்லிசு. சல்பைடு படிஞ்சு பக்கத்துப் பாதை வரைக்கும் படர்ந்தா ஷார்ட்.

இதிலும் ஒரு வரலாறு ஒளிஞ்சிருக்கு. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருட்களில் ஈயத்துக்குத் தடை போட்டது. ஈயம் கலந்த பூச்சு போனதும் பல தயாரிப்பாளர்கள் போர்டுக்கு மெல்லிய வெள்ளிப்பூச்சுக்கு மாறினாங்க. வீட்டுக்கு அது சரி. கந்தகம் இருக்கிற காத்தில், சீக்கிரமே செத்துப்போற போர்டுகள் உலகம் முழுக்க வர ஆரம்பிச்சது. காகித ஆலை, கழிவுநீர் நிலையம், ரப்பர் தொழிற்சாலை, எங்கெல்லாம் கந்தகமோ அங்கெல்லாம். காத்து எவ்வளவு கெட்டதுன்னு தரம் பிரிக்க ஒரு தரநிலையே இருக்கு. செம்புத் தகட்டை ஒரு மாசம் தொங்கவிட்டு அதில் எத்தனை ஆங்ஸ்ட்ராம் படிவு வந்ததுன்னு பார்ப்பாங்க. 300-க்குக் கீழேன்னா மிதமான காத்து, ஜி1. அதுக்கு மேலே ஜி2, ஜி3, அப்புறம் எக்ஸ். அட்டைப்பெட்டியில் எத்தனை நட்சத்திரம் போட்டிருந்தாலும் வீட்டு ரவுட்டரை வடிவமைக்கிறவர் மனசில் இருக்கிறது சாதுவான காத்துதான்.

வெப்பமும் இதோட சேர்ந்துக்கும். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலானதுக்கு 40 டிகிரி வரைதான் உத்தரவாதம். வேலூர் மே மாசம் 40-ஐ விளையாட்டாத் தாண்டும். தகரப்பெட்டிக்குள்ள என்ன ஆகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

சரி, எதைத்தான் வாங்குறது?

இப்ப சொந்தக்காரர் கேள்விக்கு வரலாம்.

வீட்டுக்குன்னா, ஃபைபர் வருதான்னு முதல்ல பாருங்க. கண்ணாடி இழைக்கு மழை ஜாயிண்ட் தொல்லை குறைவு, மின்னல் அந்த வழியா உள்ளே வராது. அடுத்து 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒண்ணு. ரவுட்டரின் வேகத்தை ஆயிரக்கணக்கில் போட்டிருப்பாங்க. அதை விட இந்த யூபிஎஸ் அதிகம் உதவும். ஃபைபர் வராத தெருவா? 4ஜி, 5ஜி மோடம்தான் வழி. வாங்குமுன் உங்க போனில் சிக்னல் பலத்தை எண்ணா காட்டுற செயலியைப் போட்டு, வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் பாருங்க. மைனஸ் 80 பக்கம் இருந்தா அருமை, மைனஸ் 110-ன்னா கஷ்டம். எங்க ஊர் மாதிரி மலைகளுக்கு நடுவில் பள்ளத்தாக்கில் இருந்தா, ஜன்னல் ஓரத்துக்கும் சமையல்கட்டுக்கும் ஏணி வெச்சாலும் எட்டாது. மொட்டை மாடியில் ஆன்டெனா வைக்கிறதா இருந்தா, நீள ஒயர் இழுத்து சிக்னலை வழியிலேயே சாகடிக்காதீங்க. மூணு டெசிபல் போனா பாதி பலம் போச்சு. மோடத்தையே மேலே வெச்சு நெட்வொர்க் ஒயரைக் கீழே இறக்குங்க. எந்தக் கம்பெனி சிம்மும் ஏத்துக்கிறதா, நம்ம நாட்டு 4ஜி அலைவரிசைகளான 3, 5, 8, 40, 41 எல்லாம் இருக்கான்னு பாருங்க.

சுத்திகரிப்பு நிலையத்துக்குன்னா கதையே வேற. 70 டிகிரி தாங்குற தொழிற்சாலை ரகம், போர்டு மேல பாதுகாப்புப் பூச்சு, காத்துப் புகாத பெட்டி, தொட்டிக்கு அருகில் இல்லாம ஒயரை இழுத்துத் தள்ளி ஒரு அறையில், ரெண்டு வேற வேற கம்பெனி சிம், தொங்கினா தானே எழுப்பிவிடுற காவல் சுற்று. இதெல்லாம் வாங்கிடலாம். காசு விஷயம்.

ஆனா சித்தப்பாவோட உண்மையான கஷ்டம் வேற. சர்வரில் ராத்திரி ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரை எண் எதுவும் இல்லைன்னு வெச்சுக்குங்க. கரன்ட் போயிருக்கலாம். டவர் படுத்திருக்கலாம். சிம்முக்கு ரீசார்ஜ் பண்ண மறந்திருக்கலாம். போர்டு கறுத்திருக்கலாம். இல்லை, யாரோ பிளக்கைப் பிடுங்கிட்டு வால்வைத் திறந்திருக்கலாம். கிண்டியில் இருந்து பார்த்தா அஞ்சும் ஒரே மாதிரிதான் தெரியும்: ஒரு வெற்றிடம். நேர்மையா நடத்துறவர் அதுக்காகத் திட்டு வாங்குவார். நேர்மையில்லாதவர் "சார், நெட்வொர்க் பிராப்ளம்" என்று தப்பிச்சுக்குவார். மோசமான மோடம் ரெண்டாமவருக்குத்தான் நண்பன்.

தீர்வு ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. எங்க தொழிலில் தினமும் பண்றதுதான். லாகர் ஒவ்வொரு அளவையும் நேர முத்திரையோட தன்கிட்டேயே சேமிச்சு வைக்கணும். இணைப்பு வந்ததும் விட்டுப்போனதை வரிசையா அனுப்பணும். கருவிக்கும் லாகருக்கும் சொந்த பேட்டரி இருக்கணும். மின்சாரம் போற நொடியில் "எனக்குக் கரன்ட் போச்சு" என்று கடைசி மூச்சில் ஒரு செய்தி அனுப்பணும். ஸ்மார்ட் மீட்டர்களில் இந்த வசதி உண்டு. கதவு திறந்தது, பிளக் பிடுங்கினது, சிம் மாறினது எல்லாம் குறிப்பில் ஏறணும். இவ்வளவும் இருந்தா அந்த ரெண்டு மணி நேரம் வெற்றிடமா இருக்காது. அதுக்கு ஒரு பேரும் காரணமும் இருக்கும். விழுந்தாலும் எப்போ விழுந்தது, ஏன் விழுந்ததுன்னு எழுதி வைக்கிற மோடத்தைத்தான் நான் நம்பகமானதுன்னு சொல்வேன்.

2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு வழக்கில் மறுபடி ஒரு தீர்ப்பு சொன்னது. பாதிக்கப்பட்டவங்களுக்கு இழப்பீடு, கண்காணிக்க ஒரு குழு, வழக்கை முடிக்காமல் தொடர்ந்து பார்வையில் வைக்கிறது என்று. முதல் தீர்ப்பு வந்து 28 வருஷத்துக்கு அப்புறம். அந்த 28 வருஷத்தில் 9.6 கிலோபிட் நூறு மெகாபிட்டைத் தாண்டிப் போயிடுச்சு. ஊர்க் கிணத்துத் தண்ணியோ இன்னும் வாயில் வைக்கிற மாதிரி ஆகலைன்னு பாலாற்றங்கரைக்காரங்க பலர் சொல்றாங்க. வேகத்தை விலை கொடுத்து வாங்கிக்கலாம். சாட்சி சொல்லணும்னு யாராவது கேக்கணும், கேட்டவங்க அந்தக் குறிப்பைப் படிக்கணும்.

உங்க ஊர்ப் பக்கம் சாயப்பட்டறையோ, சர்க்கரை ஆலையோ, சிமெண்ட் ஆலையோ இருந்தா, அங்கே அந்தச் சின்னப் பெட்டி எங்கே இருக்கு, யார் பார்த்துக்கிறாங்கன்னு விசாரிச்சுப் பாருங்களேன். தெரிஞ்சா எழுதுங்க, படிக்க ஆவலா இருக்கேன்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டும் "சரிப்பா, மாடல் நம்பரை மட்டும் சொல்லு" என்று கேட்கப் போகிற பெரியப்பாவுக்கு: முதல்ல அந்த யூபிஎஸ்ஸை வாங்குங்க. :-)